வார்டில் வளரும் கிருமிகள்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மருத்துவமனையில் சேர்ந்திருப்பவர்களின் கல்ச்சர் (சளி, சிறுநீர், இரத்தம் போன்றவற்றிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அறிக்கைகளில் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் இவ்வளவு அதிகமாகத் தென்படுவது ஏன் என்று சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சேலம் நகரிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்தவை. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தமையால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ‘என் நோயாளிக்கு எந்த ஊசி போடலாம்’ என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நோயாளியை நேரில் பார்க்காமல் அதற்கு விடை எழுதுவது முறையாகாது.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து சேலத்தில் ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் உதவியுடன் இருந்தார். தேறி வந்துகொண்டிருந்தவருக்குப் பத்தாம் நாள் கடுங்காய்ச்சல் கண்டது. சளியைக் கல்ச்சருக்கு அனுப்பியதில் ‘கிளெப்சியெல்லா நிமோனியே’ என்ற கிருமி வளர்ந்ததாகவும், ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் நேராக ‘ஆர்’ (கட்டுப்படாது) என்றும், கொலிஸ்டின் என்ற மருந்துக்கு நேராக மட்டும் ‘ஐ’ (இடைநிலை) என்றும் அறிக்கை வந்தது. அப்பா மாத்திரை என்றாலே ஓடி ஒளிகிறவர். ஆன்டிபயாட்டிக்கையே அதிகம் காணாத உடம்பு எல்லா மருந்துக்கும் எப்படிப் பழகிப்போனது? கொலிஸ்டின் கொடுத்து, பிழைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார் என்றாலும் இந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. (வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: அப்பா வீடு திரும்பியதில் மகிழ்ச்சி அம்மா. முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். மருந்துக்குப் பழகிப்போனது உங்கள் அப்பாவின் உடம்பு அன்று. அவருடைய நுரையீரலில் வளர்ந்த கிருமி. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ‘எனக்கு அமாக்சிசிலின் கேட்காது, பெரிய மருந்தாக எழுதுங்கள்’ என்று சொல்லும் நோயாளிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். மருந்து வேலை செய்யாமல் போவது, அப்போது அந்த உடம்பில் எந்தக் கிருமி இருக்கிறது என்பதைப் பொறுத்ததே தவிர, அந்த மனிதரைப் பொறுத்ததன்று. வாழ்நாளில் ஓர் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக்கூட விழுங்காதவருக்கும், வேறு எங்கோ வேறு யாரோ உண்ட மருந்துகளுக்கிடையே தப்பிப் பிழைத்து வளர்ந்த கிருமி வந்து சேரலாம்.

அப்படி வந்து சேர்வதற்கு ஐ.சி.யூ.வைப்போல் வாய்ப்பான இடம் வேறில்லை. நம் குடலில் கோடிக்கணக்கான சாதுவான பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டு வாழ்கின்றன. புதிதாக வரும் கிருமி எளிதில் குடியேற அவை விடுவதில்லை. ஐ.சி.யூ.வில் சேர்ந்த முதல் நாளிலேயே, பெரும்பாலும் தகுந்த காரணத்துடன், ஓர் ஆன்டிபயாட்டிக் ஏற்றத் தொடங்குகிறார்கள். அது நோய்க்கிருமியோடு சேர்த்து அந்தச் சாதுக்களையும் கொன்றுவிட, குடலில் இடம் காலியாகிறது. பக்கத்துப் படுக்கை நோயாளியிடமிருந்து செவிலியரின் கை வழியாகவோ, கை கழுவும் தொட்டியின் வடிகுழாயிலிருந்து தெறித்த நீர் வழியாகவோ, சரியாகத் துடைக்கப்படாத கட்டில் கம்பி வழியாகவோ வரும் கிளெப்சியெல்லா அந்தக் காலி இடத்தில் குடியேறுகிறது. இதுவரை இது நோயன்று, வெறும் குடியேற்றம். காய்ச்சல் இராது, வலி இராது, வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள், தொண்டையின் இயல்பான காவலைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் செருகப்பட்டிருக்கும் வென்டிலேட்டர் குழாயின் வழியே அது நுரையீரலில் இறங்கும்போதுதான் நோயாகிறது. உங்கள் அப்பாவுக்குப் பத்தாம் நாள் வந்த காய்ச்சலின் முன்கதை அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்.

எல்லா மருந்துக்கும் சேர்த்து ‘ஆர்’ வருவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு மருந்தையும் எதிர்க்கும் திறனைக் கிருமி தனித்தனியே கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பாக்டீரியாவின் மைய மரபுப்பொருளுக்கு வெளியே ‘பிளாஸ்மிட்’ எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்கள் இருக்கின்றன. ஒரே பிளாஸ்மிட்டில் ஐந்தாறு வகை மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் கோத்துக்கட்டியதுபோல் அடுத்தடுத்து அமைந்திருக்கலாம். அந்த வளையத்தின் நகலை ஒரு பாக்டீரியா வேறு இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்கும் கொடுத்துவிட முடியும். ஆகவே ஒரு மருந்தைத் தேவையின்றிப் பயன்படுத்தினால்கூட, கோத்திருக்கும் மற்ற எதிர்ப்புகளும் சேர்ந்தே பெருகுகின்றன.

இவற்றுள் நம்மை மிகவும் தொல்லைப்படுத்துவது என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதிக்கான மரபணு. கடைசி வரிசை மருந்துகளாக வைத்திருந்த மெரோபெனம், இமிபெனம் போன்ற கார்பாபெனம் வகைகளையே அது சிதைத்துவிடும். இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் 2008-இல் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010-இல் வெளிவந்த ஆய்வு, சென்னையிலேயே 44 நோயாளிகளின் மாதிரிகளில் அது இருந்ததைக் காட்டியது. அந்த நொதிக்கு நம் தலைநகரின் பெயரை வைக்கலாமா என்று அப்போது பெரிய சச்சரவு எழுந்தது. பெயருக்குச் செலவிட்ட கோபத்தில் பாதியையேனும் வார்டுகளின் வடிகால்மீது செலவிட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் அப்பாவுக்கு நேர்ந்தது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் அன்று என்பதை எண்களும் சொல்லுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பு, பெரிய மருத்துவமனைகளின் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி 2017-இல் ஈ.கோலை கிருமிகளில் நூற்றுக்கு 81 அளவில் இமிபெனத்துக்குக் கட்டுப்பட்டன. 2023-இல் அது 63-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. கிளெப்சியெல்லா நிமோனியேயில் அதே காலத்தில் 58 என்ற அளவிலிருந்து 36-ஐ ஒட்டி வீழ்ந்தது. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த, நோய் முற்றியவர்களின் மாதிரிகள் என்பதால் ஊரில் உள்ள எல்லாருக்கும் இதே விகிதம் பொருந்தாது, ஆனால் ஐ.சி.யூ. உள்நோயாளிகளின் நிலவரத்தை இவை சரியாகவே காட்டுகின்றன.

கொலிஸ்டினுக்கு எதிரே இருந்த ‘ஐ’யைப் பற்றியும் கலங்கியிருக்கிறீர்கள். 1950-களில் பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று பின்னர் ஒதுக்கப்பட்ட மருந்து அது. வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்துக்கொண்டோம். ஆய்வகங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறையில் 2020 முதல் இந்த மருந்துக்கு ‘எஸ்’ (கட்டுப்படும்) என்ற எழுத்தே கிடையாது. நன்றாகப் பலிக்கக்கூடிய கிருமியாக இருந்தாலும் ‘ஐ’ என்றுதான் எழுதுவார்கள். இந்த மருந்தை முழுமையாக நம்பிவிடாதே என்று மருத்துவருக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. கோழி, கால்நடைத் தீவனங்களில் இதே மருந்தைச் சேர்ப்பதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்ததற்கும் இந்தக் கடைசிக் கருவியைக் காப்பாற்ற வேண்டும் என்பதே காரணம். முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்தத் தடையின் பொருள் சற்றுக் கூடுதலாகவே புரிய வேண்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். என் மனைவியின் சிறுநீர்க் கல்ச்சர் அறிக்கையில் மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே எண்கள் போட்டிருந்தார்கள். ஒரு மருந்துக்கு 0.25, இன்னொன்றுக்கு 16. இரண்டுக்கும் ‘எஸ்’ என்றே இருந்தது. 0.25 உள்ள மருந்துதானே அதிக வீரியம் உள்ளது? அதை விட்டுவிட்டு 16 உள்ளதை மருத்துவர் எழுதினார். கேட்டால் சிரிக்கிறார். (வாசகர், சூரமங்கலம்)

பதில்: சிரித்திருக்க வேண்டியதில்லை, கேள்வி நியாயமானதே. அந்த எண், கிருமியின் வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து தேவை என்பதைக் காட்டுகிறது. ஆனால் ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. கணக்கில் 40, தமிழில் 60 எடுத்த மாணவன் தமிழில்தான் கெட்டிக்காரன் என்று, இரண்டு தேர்வுக்கும் மொத்த மதிப்பெண் என்ன என்று பார்க்காமலே, நீங்கள் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு மருந்தும் எவ்வளவு கொடுத்தால் இரத்தத்தில் எவ்வளவு சேரும், சிறுநீரில் எவ்வளவு சேரும் என்பதை வைத்துத் தனித்தனி எல்லைக்கோடு வகுத்திருக்கிறார்கள். நைட்ரோஃபியூரன்டாயின் போன்ற மருந்து சிறுநீரில் மிகுந்த அளவில் சேர்வதால் 16 என்ற எண்ணும் அதற்கு எளிய இலக்குதான். அதே மருந்து இரத்தத்தில் போதிய அளவு சேராது. ஆகவே கிருமி இரத்தத்தில் பரவிக் குளிர்காய்ச்சல் வந்த நோயாளிக்கு, அறிக்கையில் ‘எஸ்’ என்றே இருந்தாலும் அதைக் கொடுத்துப் பயனில்லை.

ஆனால் எண்ணைவிட, எழுத்தைவிட, முதலில் பார்க்க வேண்டியது வேறொன்று. அந்த மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, அதில் வளர்ந்த கிருமி உண்மையிலேயே நோயை உண்டாக்கியதா என்பதுதான் அது. கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டிருந்தவரின் சிறுநீரை, பையின் அடியிலுள்ள திருகைத் திறந்து பிடித்து அனுப்பினால், அந்தப் பையில் ஊறிக்கிடந்த கிருமிகள் எல்லாம் அறிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 3 முதல் 7 வரை கூடுகிறது. ஒரு மாதம் குழாயோடு இருந்தவரிடம் கிருமி இல்லாவிட்டால்தான் வியப்பு. காய்ச்சலோ வலியோ வேறு அறிகுறியோ இல்லாதவருக்கு, சிறுநீரில் கிருமி வளர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தேவையில்லை என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட விதி. கருவுற்ற பெண்களும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குச் செல்கிறவர்களுமே அதற்கு முக்கிய விலக்கு. அந்த விதியை மதிக்காமல் தாளுக்குச் சிகிச்சை செய்வதால்தான் உள்நோயாளிகளிடம் கடைசி வரிசை மருந்துகளின் பயன்பாடு இவ்வளவு வீங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உங்கள் மனைவிக்கு எரிச்சலும் காய்ச்சலும் இருந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் எண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள், அவரும் சிரிக்க மாட்டார்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். என் மனைவிக்கு எட்டு நாள் விடாத காய்ச்சல். சேலத்துக்கு இறக்கி ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதலில் ஒரு ஊசி, பிறகு அதைவிட விலை உயர்ந்த மெரோபெனம். இரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, காய்ச்சலும் இறங்கவில்லை. ‘ரெசிஸ்டன்ஸாக இருக்கும்’ என்றார்கள். பிறகு வந்து பார்த்த வேறொரு மருத்துவர் உடம்பெல்லாம் தேடி, அக்குளில் கறுப்பான ஒரு பொருக்கைக் கண்டு, டாக்சிசைக்ளின் கொடுத்தார். இரண்டாம் நாளே காய்ச்சல் நின்றது. அவ்வளவு மலிவான மருந்து அவ்வளவு பெரிய ஊசியைவிடச் சக்தி வாய்ந்ததா ஐயா? (வாசகர், ஏற்காடு)

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். கறுப்புப் பொருக்கையும், டாக்சிசைக்ளினுக்கு உடனே அடங்கிய காய்ச்சலையும் வைத்துப் பார்த்தால், உங்கள் மனைவிக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ் என்றே தோன்றுகிறது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் ஓரியென்ஷியா என்ற பாக்டீரியா உடம்பில் ஏறுகிறது. கடித்த இடத்தில் பீடி நெருப்புச் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடங்களில் இருப்பதால் தேடாதவர் கண்ணுக்கு அது படாது.

இந்தக் கிருமி நம் உடலின் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது. மெரோபெனம், செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகள் அதன்மேல் பலிப்பதில்லை. இன்றைக்கு மட்டுமன்று, என்றைக்குமே பலித்ததில்லை. சாதாரண இரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் அது வளராது. ஆகவே இங்கே நடந்தது மருந்தெதிர்ப்பு அன்று. பூட்டுக்குப் பொருந்தாத சாவியைப் போட்டுத் திருகியது. மருந்துகளைச் சிறியது, பெரியது என்று ஏணிப்படிபோல் அடுக்கி, கீழ்ப்படி கேட்கவில்லை என்றால் மேல்படி என்று ஏறுவது நோயாளிகளிடம் மட்டும் உள்ள பழக்கம் அன்று, எங்களிடமும் இருக்கிறது. மலையிலிருந்து, அதிலும் தோட்ட வேலையிலிருந்து, ஒரு வாரக் காய்ச்சலோடு இறங்கி வந்தவரைப் பார்க்கும்போது, ஊசியைத் தேர்ந்தெடுக்கும் முன் அக்குளைப் பார்ப்பதுதான் முறை.

உங்கள் கடிதத்துக்கும் வார்டிலுள்ள மருந்தெதிர்ப்புக்கும் தொடர்பு இல்லாமலும் இல்லை. உங்கள் மனைவிக்கு ஏறிய மெரோபெனம் ஸ்க்ரப் டைபஸ் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவருடைய குடலில் இருந்த சாதுக் கிருமிகளை நிச்சயம் கொன்றிருக்கும். அந்த நாட்களில் எதிர்ப்புக் கிருமி ஏதேனும் அவரிடம் வந்து ஒட்டியிருந்தால், அது அந்த வார்டில் அடுத்த படுக்கைக்கும் நகர்ந்திருக்கும். இதற்காக நீங்கள் இப்போது எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். உடல்நலத்துடன் இருப்பவரின் குடலில் பழைய குடிகள் சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கேள்வி: எனக்குக் குடலிறக்க அறுவை செய்தார்கள். அறுவைக்கு முன் ஒரே ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. என் தம்பிக்கு முன்பு வேறு இடத்தில் ஏழு நாள் போட்டார்கள். என் விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிட்டார்களா? (கொலுசுப் பட்டறை வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: இல்லை; உங்களுக்குச் செய்ததே சரி. கத்தி படும்போது திசுவில் மருந்து இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்பதால், தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் அதைக் கொடுப்பார்கள். அறுவை முடிந்த பிறகும் நாள்கணக்கில் தொடர்வதால் புண்ணில் சீழ் பிடிப்பது குறைவதில்லை என்பதால், அப்படித் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் தம்பிக்கு ஏழு நாள் போட்டதற்குத் தனிக் காரணம் ஏதும் இருந்ததா என்று எனக்குத் தெரியாது; ஆனால் நாள் கூடியதால் பாதுகாப்பும் கூடியது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மருந்துக்கடை நடத்துகிறேன். ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் மருந்தெதிர்ப்புக்கும் தெருமுனைக் கடைக்காரனைக் குறை சொல்லிக் கட்டுரை எழுதுகிறார்கள். ஐ.சி.யூ.வில் நான் எங்கே வந்தேன்? (வாசகர், குகை)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். கார்பாபெனத்தை எதிர்க்கும் கிளெப்சியெல்லாவும் அசினெட்டோபாக்டரும் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே வளர்ந்து பரவுகிறவை. அதற்கு உங்கள் கடையை இழுப்பது சரியன்று. ஆனால் உள்நோயாளிகளின் கல்ச்சர் முடிவுகளில் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்றை மருத்துவமனையில் வந்தது என்றும், அதற்கு முன்பே தெரிவதை வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றும் பொதுவாகப் பிரிக்கிறோம். இந்த இரண்டாம் அடுக்கில், சேர்ந்த அன்றே எடுத்த சிறுநீரில், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் வகைகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை வளர்வது இப்போது அன்றாடக் காட்சி. அந்தக் கிருமி வார்டில் பிறந்ததன்று. சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் மூன்று நாள் செஃபிக்ஸிம் வாங்கித் தின்ற ஊரில் பிறந்தது. அதைக் கண்டு மருத்துவர் நேரே மெரோபெனத்துக்குப் போகிறார். முதல் அடுக்கைப் பெருக்குவது அந்த மெரோபெனம். இப்படித்தான் நீங்கள் ஐ.சி.யூ.வுக்குள் வருகிறீர்கள்.

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் (மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்) செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம், லெவோஃப்ளாக்சசின் முதலியவை இருக்கின்றன என்பதும், மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருந்துச் சீட்டே இல்லாமல் ‘போன தடவை கொடுத்த மாத்திரை நாலு கொடுங்க’ என்று கேட்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அவர் அடுத்த கடைக்குப் போவார் என்ற உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். சீட்டே தேவையில்லாத சளிக்காய்ச்சலுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கும்வரை, பழியை முழுக்க உங்கள்மீது போட எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எண்பது படுக்கை உள்ள மருத்துவமனையில் தொற்றுத் தடுப்புச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கென்று ‘ஆன்டிபயோகிராம்’ (எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற தொகுப்புப் பட்டியல்) தயாரிக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து ஓராண்டு அறிக்கைகளை வாங்கிவிட்டேன். எல்லாவற்றையும் கூட்டி நூற்றுக்கு எத்தனை ‘எஸ்’ என்று போட்டால் போதுமா? (வாசகி, ஓமலூர்)

பதில்: போதாது சகோதரி, ஆனால் தொடங்கிவிட்டீர்களே, அதுவே பெரிது. பெரிய நகரத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்து மருந்து தேர்வதைவிட, தன் வார்டில் எது வளர்கிறது என்று அறிந்து தேர்வது எவ்வளவோ மேல். ஒரு மருத்துவமனையின் ஐ.சி.யூ.வுக்கும் அதன் மகப்பேறு வார்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, சில சமயம் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ளதைவிட அதிகம். ஐ.சி.யூ. சளியில் அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும் சூடோமோனாசும் முன்னே நிற்கும். வார்டுச் சிறுநீரில் ஈ.கோலை, புண்ணில் ஸ்டஃபைலோகாக்கஸ். இவற்றைக் கலந்து ஒரே சராசரி எடுத்தால், அது எந்தப் படுக்கைக்கும் பொருந்தாத எண்ணாக இருக்கும். ஆகவே வார்டு, மாதிரி, கிருமி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒரே நோயாளியிடமிருந்து ஒரே கிருமி பல முறை வளர்ந்திருந்தால் ஆண்டின் முதல் மாதிரியை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். நாற்பது நாள் கிடந்த ஒருவருக்கு எட்டு முறை கல்ச்சர் செய்திருப்பார்கள். எட்டையும் எண்ணினால் அவர் ஒருவரே உங்கள் மருத்துவமனையின் முகத்தை மாற்றிவிடுவார். நோயில்லாதவரிடம் குடியேற்றத்தைக் கண்டறிய எடுத்த துடைப்பு மாதிரிகளையும் சேர்க்காதீர்கள். ஒரு கிருமிக்கு முப்பது மாதிரிகளாவது இருந்தால்தான் விகிதம் எழுதலாம். எண்பது படுக்கையில் பல கிருமிகள் முப்பதைத் தொடமாட்டா. அப்போது இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு, அப்படிச் செய்ததை அடியில் குறித்துவிடுங்கள். ‘ஐ’யை ‘எஸ்’ஸோடு கூட்டக் கூடாது. இந்தக் கணக்குகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஹூநெட்’ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கையால் எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பிழை உள்ளே ஒளிந்திருக்கும். அதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. நம் ஊரில் காய்ச்சல் என்று சேர்ந்தவுடன் ஊசி போட்டுவிட்டு, மூன்று நாள் கேட்காமல் போன பிறகே கல்ச்சர் அனுப்புகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்பட்டவர்கள் குணமாகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய கிருமிகள் கணக்கிலேயே வருவதில்லை. கட்டுப்படாதவை மட்டும் ஆய்வகத்துக்கு வருகின்றன. அப்படித் தொகுத்த ஆன்டிபயோகிராம் உண்மையைவிட இருண்டதாக இருக்கும். அதைப் பார்த்து மிரண்ட மருத்துவர் எல்லாருக்கும் மெரோபெனத்தில் தொடங்குவார். அடுத்த ஆண்டு அந்த இருட்டு உண்மையாகிவிடும். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், வந்த இரத்தக் கல்ச்சர்களை ‘முதல் ஊசிக்கு முன்’, ‘பின்’ என்று மட்டும் குறிக்கச் சொன்னோம். சில வாரங்கள் ‘முன்’ என்ற கட்டம் ஏறக்குறைய காலியாகவே இருந்தது. குறிக்கச் சொன்னதாலேயே பிறகு அது நிறையத் தொடங்கியது.

ஆகவே உங்கள் பட்டியலுக்கு முன் அந்தப் பழக்கத்தை மாற்றப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வரை இரத்தம், இரண்டு வேறு இடங்களிலிருந்து, முதல் ஊசிக்கு முன். அதிர்ச்சி நிலையில் உள்ள நோயாளிக்கு மருந்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் இரத்தம் எடுக்கச் சில நிமிடங்களே பிடிக்கும். பெரும்பாலான கிருமிகள் ஒன்றிரண்டு நாளில் வளர்ந்துவிடுவதால், மூன்றாம் நாள் மருத்துவரிடம் அறிக்கையைக் கொண்டுபோய், பெரிய மருந்திலிருந்து சிறியதற்கு இறங்கலாமா என்று கேட்க உங்களுக்கு ஒரு தாள் கையில் இருக்கும். அந்தத் தாள் இல்லாதபோது எந்த மருத்துவருக்கும் இறங்கத் துணிவு வராது.

கேள்வி: என் மாமியாருக்குப் பரிசோதனையில் ‘கார்பாபெனம் எதிர்ப்புக் கிருமி இருக்கிறது, ஆனால் நோய் இல்லை’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். அத்தை அழுகிறார். (வாசகி, ஏற்காடு)

பதில்: தட்டையும் தம்ளரையும் இன்றே ஒன்றாக்கிவிடுங்கள் அம்மா. உங்கள் அத்தையிடம் இருப்பது குடலில் குடியேறிய கிருமி. நலமாக இருக்கும் பேரன் அவர் மடியில் உட்காருவதாலோ அவர் கையால் சோறு உண்பதாலோ நோயில் விழமாட்டான். கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும், சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் சோப்புப் போட்டு அரை நிமிடத்துக்கு மேல் கை கழுவுவதை அத்தை மட்டுமல்ல, வீட்டில் எல்லாரும் செய்தால் போதும். துணிகளை வழக்கம்போல் துவைக்கலாம். கிருமியை விரட்டுவதற்காக என்று எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்காதீர்கள். அது பலிக்காது என்பது மட்டுமல்ல, போட்டிக்கு இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று அதற்கே துணைபோகும்.

செய்ய வேண்டிய காரியம் வேறொன்று இருக்கிறது. அந்தச் சோதனை அறிக்கையின் நகலை ஆதார் அட்டை வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். ஏற்காட்டு அரசு மருத்துவமனையானாலும், மலையிறங்கிச் சேலத்தில் எந்த மருத்துவமனையானாலும், அடுத்த ஓராண்டுக்குள் அத்தையைச் சேர்க்க நேர்ந்தால் சேர்க்கும்போதே அதைக் காட்டுங்கள். அதைப் பார்த்தால் அவரைத் தனி இடத்தில் வைப்பார்கள், கையுறை அணிவார்கள், தொற்று வந்தால் முதல் மருந்தையே சரியாகத் தேர்வார்கள். காட்டினால் ஒதுக்கிவிடுவார்களோ என்று மறைக்கிறவர்கள் உண்டு. அப்படி அறிக்கையை மறைத்ததால் இரண்டு நாள் தவறான மருந்து ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.